கால் எட்டும் உயரம்

மலேசியாவில் 16 வயது நிறைந்த ஒருவர், 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளை ஓட்டுவதற்கான பி2 உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். குருபோங், செங், டுரியான் துங்கால் போன்ற மலாக்கா ஊர்களில் வேலைக்கும் கடைக்கும் மாலை வகுப்புக்கும் போய்வர, பல குடும்பங்கள் மோட்டார் சைக்கிளையே நம்பியுள்ளன. ஆயினும், உரிமம் கையில் இருந்தும் வீட்டிலுள்ள வண்டியை எடுக்கத் தயங்குவோர் உள்ளனர். இருக்கையில் அமர்ந்தால் அவர்களுடைய கால் தரையை நன்றாக எட்டுவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

‘செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கிறதா?’ என்று நம் முன்னோர் கேட்டனர். மனிதனின் உயரத்தை மாற்ற முடியாது. வண்டியின் உயரத்தை மாற்றலாம். ஆனால், வண்டியைத் தாழ்த்துவது காற்சட்டையின் நீளத்தைக் குறைப்பது போன்ற எளிய வேலையன்று. ஓரிடத்தில் செய்யும் மாற்றம் வேறு பல இடங்களையும் பாதிக்கும். ஆகவே, எதை மாற்றுவது, எந்த வரிசையில் மாற்றுவது, எந்த அளவோடு நிறுத்துவது என்பவற்றை அறிந்திருக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள் தானாகவே நிமிர்ந்து நிற்கும். அது நின்றவுடன் அதன் எடையைத் தாங்கும் பொறுப்பு ஓட்டுநரின் காலுக்கு வந்துவிடுகிறது. சிறிய வண்டிகூட ஏறக்குறைய 100 கிலோகிராம் எடை கொண்டது. நேராக நிற்கும்வரை அந்த எடை தெரியாது. சற்றே சாய்ந்தால் கால் தாங்க வேண்டிய சுமை விரைவாகக் கூடும். கால்விரல் நுனி மட்டுமே தரையைத் தொட்டால், மணலிலோ மழைநீரிலோ அது எளிதில் வழுக்கிவிடும். வீட்டு வாசலில் வண்டி சாய்ந்தால் கண்ணாடி மட்டுமே உடையக்கூடும். பின்னால் லாரி நிற்கும் சமிக்ஞை விளக்குச் சந்திப்பில் சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. எனவே, வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இருப்பது மிக முக்கியமாகும்.

வண்டியின் உயரத்தைத் தயாரிப்பாளர்கள் ‘இருக்கை உயரம்’ என்று குறிப்பிடுவர். அது தரையிலிருந்து இருக்கையின் மிகத் தாழ்ந்த பகுதி வரையிலான அளவு. இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. இருக்கையின் அகலமும் கணக்கில் சேரும். அகலமான இருக்கையில் தொடைகள் விரிந்திருப்பதால், கால் தரையை அடைய அதிக நீளம் தேவைப்படும். ஒரே உயரமுள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று எட்டுவதற்கும் மற்றொன்று எட்டாமல் போவதற்கும் இதுவே காரணம். மேலும், ஓட்டுநர் அமர்ந்தவுடன் அவருடைய எடையால் வண்டி சிறிது இறங்கும். ஆகவே, எடை குறைந்தவருக்கு அதே வண்டி சற்று உயரமாகவே இருக்கும்.

வண்டி எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டு ‘சூப்பர் கப்’ என்னும் சிறிய வண்டியை வெளியிட்டது. பெரிய வண்டிகளில் இருப்பதுபோல் எண்ணெய்த் தொட்டியை முழங்கால்களுக்கு இடையே வைக்காமல், அதன் வடிவமைப்பாளர்கள் அதை இருக்கைக்குக் கீழே வைத்தனர். இருக்கைக்கு முன்பகுதி தாழ்வாகத் திறந்திருந்ததால், காலைத் தூக்கி வீசாமலேயே ஏறி அமர முடிந்தது. கிளட்ச் பிடியும் தேவைப்படவில்லை. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை நம் நாட்டுக்குக் கொண்டுவந்து விற்றார். நாம் இன்று ‘கப்சாய்’ என்று அழைக்கும் வண்டிகள் அந்த வடிவத்தைப் பின்பற்றியவையே. உலகம் முழுவதும் தயாரிக்கப்பட்ட சூப்பர் கப் வகை வண்டிகளின் எண்ணிக்கை 2017ஆம் ஆண்டு 10 கோடியை எட்டியது. ஏறுவதற்கு எளிதாக இருந்ததும் அந்த வெற்றிக்கு ஒரு காரணமாகும்.

கப்சாய் வண்டிகளின் இருக்கை பெரும்பாலும் 75 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கரடுமுரடான பாதைக்காகச் செய்யப்படும் பயண வண்டிகள் இதைவிட உயரமானவை. அத்தகைய வண்டிகளைத் தயாரிப்போரும் குள்ளமானவர்களை இப்போது கருத்தில் கொள்கின்றனர். சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2023ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வண்டியின் இருக்கையை 825 அல்லது 845 மில்லிமீட்டர் உயரத்தில் பொருத்திக்கொள்ளலாம். அதுவும் எட்டாதவர்களுக்கு, 805 மில்லிமீட்டருக்கு இறங்கும் தாழ்ந்த இருக்கையைத் தனியாக வாங்கலாம். இங்கே மாறுவது இருக்கை மட்டுமே. சக்கரங்களும் அதிர்வுத்தாங்கிகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வண்டியைத் தாழ்த்த நினைப்போர் பின்பற்ற வேண்டிய முதல் பாடம் இதுவாகும்.

எனவே, முதலில் கவனிக்க வேண்டியது இருக்கையையே. இருக்கை தைப்பவரிடம் கொடுத்து உள்ளிருக்கும் நுரைப்பஞ்சைச் சிறிது செதுக்கலாம். இருக்கையின் முன்பகுதியை ஒடுக்கினால், உயரம் குறையாமலேயே கால் கூடுதலாகத் தரையை எட்டும். பஞ்சு அதிகம் குறைந்தால் நீண்ட பயணத்தில் இடுப்பு வலிக்கும் என்பதே இதன் குறை. தடித்த அடிப்பாகம் கொண்ட காலணியும் ஓரிரு சென்டிமீட்டர் உதவும். ஜப்பான் சிலிப்பர் அணிந்து ஓட்டுபவருக்கு அந்த உதவியும் இல்லை; பாதத்துக்குப் பாதுகாப்பும் இல்லை.

இரண்டாவதாக, பட்டறைகளில் ‘அப்சோபர்’ என்று கூறப்படும் பின்பக்க அதிர்வுத்தாங்கியைக் கவனிக்கலாம். பல வண்டிகளில் அதன் சுருள்வில்லின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வளையம் உண்டு. இறுக்கத்தைக் குறைத்தால், ஓட்டுநர் அமரும்போது வண்டி முன்பைவிடச் சற்று அதிகமாக இறங்கும். பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லும்போது மறவாமல் மீண்டும் இறுக்க வேண்டும்.

இவை போதாதபோதுதான் வண்டியின் உடலையே தாழ்த்துவதைப் பற்றி எண்ண வேண்டும். முன்பக்கத்தில், சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்களைப் பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்தி, குழாய்களைச் சிறிது மேலே ஏற்றி இறுக்குவர். பின்பக்கத்தில் குட்டையான அதிர்வுத்தாங்கியைப் பொருத்துவர் அல்லது அதனோடு சேர்ந்த இணைப்புத் துண்டை மாற்றுவர்.

இங்கேதான் தொடர் விளைவுகள் தோன்றுகின்றன. பின்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் வண்டியின் முகம் மேல்நோக்கும். கைப்பிடியைத் திருப்புவது மந்தமாகும். முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாயும். முன்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் கைப்பிடி அளவுக்கு மீறி விரைவாகத் திரும்பும்; வேகமாகச் செல்லும்போது வண்டி நிலையாக நில்லாது. எனவே, இரு பக்கங்களையும் ஈடாகத் தாழ்த்த வேண்டும். பின்சக்கரம் நிற்கும் கோணம் மாறுவதால் சங்கிலியின் தளர்வும் மாறும். அதையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். பக்கத்தாங்கி பழைய நீளத்திலேயே இருந்தால், தாழ்ந்த வண்டி அதன்மேல் போதிய அளவு சாயாமல் நிமிர்ந்து நிற்கும்; சிறிது இடித்தாலும் மறுபக்கம் விழும். ஆகவே, பக்கத்தாங்கியின் நீளத்தையும் குறைக்க வேண்டும்.

சரிசெய்ய முடியாத இழப்புகளும் உண்டு. வண்டியின் அடிப்பகுதி தரையை நெருங்குவதால் குடியிருப்புச் சாலைகளிலுள்ள வேகத்தடைகளில் அது இடிக்கும். வளைவில் சாய்ந்து திரும்பும்போது கால்மிதி முன்னதாகவே தரையில் உரசும். சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கான இடம் குறைவதால், குழியில் இறங்கும் அதிர்ச்சி நேராக முதுகெலும்பைத் தாக்கும். இருவர் அமர்ந்து செல்லும்போது பின்சக்கரம் மண்காப்பில் உரசவும் கூடும். தோற்றத்துக்காக வண்டியை மிகவும் தாழ்த்தும் இளைஞர்கள் இவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே, பட்டறைக்காரரிடம் “எவ்வளவு தாழ்த்த முடியும்?” என்று கேட்பதைவிட, “எவ்வளவு தாழ்த்தினால் போதும்?” என்று கேட்பதே அறிவுடைமை. வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளும் உண்டு. அனுமதிக்கப்பட்ட மாற்றம் எது என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து, தேர்ந்த பட்டறைக்காரரிடமே வேலையை ஒப்படைக்க வேண்டும்.

எவ்வளவு போதும் என்பதை எப்படி முடிவு செய்வது? இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிய வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது தேவையில்லை. வண்டியை நிறுத்தும்போது இடுப்பை இருக்கையில் சிறிது இடப்பக்கம் நகர்த்தி, இடப்பாதத்தை உறுதியாக ஊன்றினால் போதும். வலப்பாதம் பின்பிரேக்கின் மேல் இருக்கலாம். இரண்டு கால்களின் விரல் நுனிகளைவிட, முழுமையாக ஊன்றிய ஒரு பாதமே நன்றாகத் தாங்கும்.

நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு திறனே. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் அமைக்கப்பட்டிருக்கும். நாம் இடப்பக்கமாகச் செல்வதால், வடிகால் ஓரத்தை ஒட்டி நிறுத்தினால் இடக்கால் இன்னும் கீழே இறங்க வேண்டியிருக்கும். அதனால், தாழ்ந்த ஓரத்தையும் குழியையும் மணல் சேர்ந்த இடத்தையும் தவிர்த்துச் சமமான இடத்தில் நிறுத்த வேண்டும். சந்திப்பை நெருங்கும்போதே இதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. வாகனமில்லாத திடலில் நிறுத்தியும் புறப்பட்டும் பலமுறை பழகினால், எட்டாது என்று எண்ணிய வண்டியும் கட்டுப்பாட்டுக்குள் வருவதுண்டு.

சுருங்கக் கூறின், முதலில் பழக்கம், அடுத்து இருக்கை, பின்னர் சுருள்வில்லின் இறுக்கம், இறுதியாகவே வண்டியின் உடல் என்னும் வரிசையில் செல்வதே பாதுகாப்பானது. இவை அனைத்தும் செய்த பின்னும் எட்டாத வண்டியை விட்டுவிட்டு, எட்டும் வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் இழிவு ஒன்றுமில்லை. குள்ளமாக இருப்பது குறையன்று. தன் அளவை அறிந்து வண்டியைத் தனக்கேற்ப அமைத்துக்கொள்பவரே தாமும் பாதுகாப்பாகச் செல்வார். சாலையில் பிறரையும் பாதுகாப்பார்.