பழைய ஜெர்மன் காரும் நாமக்கல் பட்டறையும்

வண்டிக் கணக்கு தெரியாத வீடு ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் அபூர்வம். லாரியோ ரிக்கோ கோழித்தீவனம் ஏற்றும் வேனோ, டீசல், டயர், டோல், எஃப்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் படி எல்லாவற்றையும் கூட்டி, கிலோமீட்டருக்கு என்ன அடக்கம் ஆகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார்கள். எட்டு வருடம் ஓடிய ஒரு பி.எம்.டபிள்யூவோ ஆடியோ பென்ஸோ விலைக்கு வரும்போது மட்டும் அந்தக் கணக்கு ஒதுங்கிவிடுகிறது. புதிதாக 60 லட்சத்துக்கு இறங்கிய கார் 12, 13 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்றால், புது எஸ்.யூ.வி. வாங்கும் காசில் பென்ஸே வாங்கிவிடலாமே என்ற பேச்சு எழுவது இயல்பு. வாங்கும் விலையோடு நிற்கும்வரை அந்தப் பேச்சில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் வாங்கிய பிறகு ஆகும் செலவைத் தீர்மானிப்பது வேறொன்று. அந்த வண்டியின் பாகமும், அதைக் கழற்றி மாட்டும் வேலையும் நம் ஊர்ப் பட்டறைக்குள் வந்து சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பதே அது. ஜெர்மன் என்ற பெயருக்காக எந்த வண்டியும் செலவு வைப்பதில்லை. இதற்குச் சாட்சி நாமக்கல்லின் லாரித் தொழிலிலேயே இருக்கிறது.

1954இல் டாடாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டு, ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. டாடா மெர்சிடிஸ் பென்ஸ் என்று பெயர். முகப்பில் மூன்று முனை நட்சத்திரம். பதினைந்து வருட ஒப்பந்தம் 1969இல் முடிந்ததும் நட்சத்திரம் இறங்கி, டாடாவின் 'டி' எழுத்து ஏறியது. பெயர் மாறினாலும் லாரி அதே வார்ப்பில்தான் ஓடியது. இதற்கிடையில் அதன் பாகங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவிலேயே தயாராக ஆரம்பித்தன. சென்னையின் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் முளைத்தது அந்த வருடங்களில்தான். லட்சக்கணக்கில் ஒரே மாதிரி லாரி ஓடியதால், கிளட்ச் பிளேட் முதல் ஸ்பிரிங் பட்டை வரை பத்துப் பேர் போட்டி போட்டுச் செய்தார்கள். எந்தப் பாகம் எப்போது தேயும், எதைத் திருப்பி எடுக்கலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்பதெல்லாம் மெக்கானிக்குகளின் கைக்குப் பழகிவிட்டது. ஊர் ஊராகச் சுற்றும் டெம்போ டிராவலர் வேனும் மெர்சிடிஸ் வேனைத் தழுவியது. அதன் டீசல் என்ஜினின் மூலமும் மெர்சிடிஸ்தான். கோயில் டூருக்கு அந்த வேனில் போகிற யாரும் அதைப் பராமரிக்க முடியாத வண்டி என்று சொல்வதில்லை. ஆக, ஜெர்மன் இயந்திரத்தைத் தனதாக்கிக்கொள்ள நம் பட்டறைக்கு ஒருமுறை முடிந்திருக்கிறது.

இன்றைய ஜெர்மன் காரில் அது நடக்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று எண்ணிக்கை. இந்தியாவில் ஒரு வருடத்தில் விற்கும் கார்கள் 40 லட்சத்துக்கு மேல். அதில் சொகுசுக் கார்கள் ஏறக்குறைய 50 ஆயிரம். அந்த 50 ஆயிரமும் பல நிறுவனங்களாக, பல மாடல்களாக, பல என்ஜின்களாகப் பிரிந்து கிடக்கிறது. பி.எம்.டபிள்யூ 2007 முதல் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் கார்களைப் பூட்டுகிறது. மெர்சிடிஸ் புனேவுக்கு அருகே சாக்கனில் பூட்டுகிறது. பூட்டுவது இங்கே என்றாலும், அச்சில் இருந்து சென்சார் வரை எத்தனையோ பாகம் கடல் தாண்டித்தான் வருகிறது. சில நூறு பேருக்கு மட்டும் தேவைப்படும் ஒரு பாகத்தைக் கோவையிலோ சென்னையிலோ யாரும் அச்சு வார்த்துத் தயாரிக்கப் போவதில்லை.

இரண்டாவது காரணம் வடிவமைப்பு. ஜெர்மனியில் ஒர்க் ஷாப் கூலி மணிக்கு 100 யூரோவுக்கு மேல், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். கூலி அவ்வளவு இருக்கும் நாட்டில் ஒரு பாகத்தைப் பிரித்து உட்கார்ந்து பழுது பார்ப்பது நஷ்டம். முழு செட்டையும் கழற்றிப் புதிது மாட்டுவதே சிக்கனம். அந்தக் கணக்கை வைத்தே வண்டியை வடிவமைக்கிறார்கள். நம் ஊரில் நிலைமை நேர்தலைகீழ்: கூலி மலிவு, பாகம் விலை. முன் சக்கரத்தைத் தாங்கும் கண்ட்ரோல் ஆர்மை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் புஷ் தேய்ந்து கடகடவென்று சத்தம் வந்தால், சாதாரண வண்டியில் பட்டறைக்காரர் பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் வைத்து வெளியே தள்ளிவிட்டு, சில நூறு ரூபாயில் புதிதை ஏற்றிவிடுவார். ஜெர்மன் சொகுசுக் காரில் அந்த ஆர்ம் அலுமினியம். பல மாடல்களில் புஷ், பால் ஜாயின்ட், ஆர்ம் மூன்றும் சேர்ந்து ஒரே பாகமாகத்தான் விற்கப்படும். ஒரு பக்கத்துக்கு இரண்டு, மூன்று ஆர்ம்கள் இருக்கும். நம் குழி விழுந்த சாலைகளில் தேய்மானமும் வேகம். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஆயில் ஃபில்டர் கூடு எல்லாவற்றிலும் இதே கதை: உள்ளே போயிருப்பது ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு, மாற்றுவது முழு செட்.

பாகம் கைக்கு எட்டுவதிலும் இதே சிக்கல் உண்டு. பி.எம்.டபிள்யூ 320டி, 520டி கார்களில் இந்தியாவில் நிறைய ஓடிய என்47 டீசல் என்ஜினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், அதாவது என்ஜினின் முதுகில் இருக்கிறது. ஆரம்பகால என்ஜின்களில் அந்தச் செயினின் தேய்மானம் பல நாடுகளில் புகாராக எழுந்தது. செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போகும்; அறுவதற்கு முன் மாற்றுவதென்றாலும் கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்கியாக வேண்டும். கியர்பாக்ஸைப் பொறுத்தவரை, இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கை மாட்டும் பி.எம்.டபிள்யூ, அதன் ஆயில் வாழ்நாளுக்கும் போதும் என்கிறது. கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்.எஃப்.போ 80 ஆயிரம் முதல் 1.2 லட்சம் கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. முதல் முதலாளி வாரண்டிக் காலம் முடியும்வரை வைத்திருந்து விற்றுவிடுகிறார். அந்த ஆயில் செலவும், தாமதித்தால் கியர்பாக்ஸ் செலவும் ராசிபுரத்தில் வாங்குகிற மூன்றாவது முதலாளியின் தலையில் விழுகின்றன.

காரின் விலை வருடா வருடம் இறங்கும். பாகத்தின் விலை அதனோடு சேர்ந்து இறங்குவதில்லை. 60 லட்ச ரூபாய்க் காருக்கு என்ன விலையோ, 12 லட்சத்துக்குக் கைமாறிய பிறகும் அதே விலை. இன்சூரன்ஸில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பழுதுச் செலவு, பாலிசியில் எழுதிய வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று கணக்கை முடித்துவிடலாம் என்பது விதி. மதிப்பு 10 லட்சம் என்றால் எல்லை ஏழரை லட்சம். எல்.இ.டி. ஹெட்லைட் ஒன்றே லட்சத்தைத் தாண்டும் காரில், பம்பர், இரண்டு விளக்கு, ரேடியேட்டர், ரேடார் சென்சார், ஏர்பேக் என்று அடுக்கினால் ஒரு மிதமான மோதலே அந்த எல்லையை நெருங்கிவிடும். ஓடக்கூடிய நல்ல கார் காகிதத்தில் செத்துப் போகும். முழு நஷ்டம் ஆகாவிட்டாலும் பிளாஸ்டிக், ரப்பர், டயர், ஏர்பேக் ஆகியவற்றுக்குப் பாதி விலையைக் கழித்துத்தான் கிளெய்ம் வரும். அந்தக் கழிவைத் தவிர்க்கும் ஜீரோ டெப்ரிசியேஷன் வசதி, வயதான வண்டிக்கு எளிதில் கிடைக்காது. புதிதாக வாங்குபவருக்கு வேறு சுமை: தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 50 லட்ச ரூபாய்க் காருக்கு அதுவே 10 லட்சம்.

வெளி மெக்கானிக்கிடம் விட்டால் பாதிச் செலவில் முடியுமே என்பார்கள். ஓரளவு உண்மை, புரிந்துகொண்டு செய்தால் நல்ல வழியும்கூட. கார் நிறுவனத்தின் முத்திரையோடு விற்கும் பாகத்தைத் தயாரிப்பது பெரும்பாலும் பாஷ், மாலே, சாக்ஸ், மான் போன்ற வேறு நிறுவனங்கள். அதே பாகத்தை அவர்கள் பெயரிலேயே வாங்கினால் விலை கணிசமாகக் குறையும். பிரேக் பேட், ஃபில்டர், ஷாக் அப்சார்பர் வரை இது கைகொடுக்கும். ஆனால் பேட்டரியை மாற்றினால்கூட அதைக் காரின் கணினியில் பதிய வேண்டிய மாடல்கள் உண்டு. புது இன்ஜெக்டர் மாட்டினால் அதன் எண்ணை உள்ளே ஏற்ற வேண்டும். இதற்கெல்லாம் நிறுவனத்தின் மென்பொருளோ அதற்கு ஈடான கருவியோ வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்கு ராசிபுரத்திலிருந்து கோவைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருக்கும். வண்டி ஓடாத நிலையில் என்றால், டிரக்கில் ஏற்றி அனுப்பும் வாடகையும் பழுதுச் செலவோடு சேரும். ஸ்டெப்னி இல்லாமல் ரன்-ஃப்ளாட் டயரோடு வரும் கார் ஆத்தூர் ரோட்டில் இரவில் பஞ்சரானால், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் வரை போகலாம். வீடு வந்து சேரலாம். மறுநாள் காலையில் அந்த அளவு ரன்-ஃப்ளாட் டயர் எந்த ஊரில் கிடைக்கும் என்று போன் போட்டுத் தேட வேண்டியிருக்கும்.

ஜெர்மனியில் இதே கார்கள் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றனவே என்பது அடுத்த வாதம். ஓடுகின்றன, அதற்குக் காரணம் இரும்பின் தரம் மட்டும் அல்ல. அங்கே புதுக் காருக்கு மூன்றாம் வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் கட்டாயத் தகுதிச் சோதனை. தேய்ந்த புஷ்ஷோடு வண்டி சோதனையைத் தாண்டாது. நம் ஊரில் லாரிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. உண்டு. சொந்தக் காருக்குப் பதினைந்து வருடம் யாரும் கேட்பதில்லை. கேட்க ஆள் இல்லாததால் சின்னப் பழுது தள்ளிப்போய்ப் பெரிய பழுதாகிறது; அந்தப் பழி காரின் மேல் விழுகிறது.

பாதுகாப்பு என்ற வாதத்தை மதிக்கிறேன். உயிருக்கு விலை பேச முடியாது. ஆனால் பாதுகாப்பு ஜெர்மன் காரின் தனிச்சொத்தாக இருந்த காலம் போய்விட்டது. 2018இல் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதன்பின் மகிந்திராவும் வாங்கியது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் சோதனையும் நடக்கிறது. காசு போதாமல் மலிவு டயரோடும் தேய்ந்த பிரேக்கோடும் ஓடும் பழைய சொகுசுக் காரைவிட, ஒழுங்காகப் பராமரித்த உள்ளூர்க் காரில் குடும்பத்தை ஏற்றுவதே மேல் என்று நினைக்கிறேன்.

ஃபோக்ஸ்வாகன் இதில் தனி ரகம். 2010 முதல் 2022 வரை இங்கே விற்ற போலோ, சாக்கனில் தயாரானது, எண்ணிக்கையும் நிறைய. அதனால் அதன் சாதாரண பாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன, கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் வைத்த மாடலை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். அதன் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சக் கணக்குக்குத் தாவும். பட்டறைக்குள் வந்த பாகம் மலிவாகவும், வராத பாகம் விலையாகவும் ஒரே காருக்குள் இருப்பதை இதில் பார்க்கலாம்.

பட்டறைக்குள் வராதது தானாக நேர்ந்ததும் அல்ல. உதிரிபாகத்தையும் பழுது பார்க்கும் தகவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் அடைத்து வைத்தார்கள் என்று, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மாருதி, டாடா, மகிந்திராவோடு பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவும் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்த உத்தரவு மேல்முறையீடுகளில் சிக்கிக்கொண்டது. ஐரோப்பாவில் இதே தகவலை வெளி மெக்கானிக்குக்கு நியாயமான கட்டணத்தில் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது; இங்கே 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கு மத்திய அரசு ஓர் இணையதளம் திறந்ததோடு நிற்கிறது. மியூனிக்கில் ஒரு தனிப் பட்டறைக்காரர் சட்டப்படி திறந்து பார்க்கும் தகவலைச் சேலம் மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்று கட்டாயமாக்கினால், இந்தக் கார்களின் செலவு கணிசமாக இறங்கும். அது வரும்வரை வாங்க நினைப்பவர், விலை பேசுவதற்கு முன் காரை ஸ்கேன் கருவியில் மாட்டி முழு ரிப்போர்ட் எடுப்பதும், கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்குப் பில் இருக்கிறதா என்று கேட்பதும், வாங்கும் விலையில் குறைந்தது கால் பங்கை முதல் வருடப் பழுதுக்கென்று தனியே எடுத்து வைப்பதும் அவசியம். அந்தக் கால் பங்கு கையில் இல்லாதவருக்கு 12 லட்ச ரூபாய் பென்ஸ் எட்டாத விலை.