பரவசம்: ஒரு சொல்லாராய்ச்சி

மிதமிஞ்சிய மகிழ்ச்சியை ஆங்கிலத்தில் 'எக்ஸ்டசி' என்பர். ஜெர்மனில் 'எக்ஸ்டாசே', இத்தாலியில் 'எஸ்டாசி'. எல்லாவற்றுக்கும் மூலம் 'எக்ஸ்டாசிஸ்' என்ற கிரேக்கச் சொல். 'எக்' என்றால் வெளியே. 'ஸ்டாசிஸ்' என்றால் நிற்றல். அதாவது, தன்னைவிட்டு வெளியே நிற்பது. கிரேக்கர்கள் இதைத் திகைப்புக்கும் சித்தப் பிரமைக்கும்கூடச் சொன்னார்கள்.

'ஸ்டாசிஸ்' நமக்கு அந்நியமல்ல. வடமொழி 'ஸ்திதி'யும் அதே வேரில் பிறந்ததுதான். கிரேக்கமும் வடமொழியும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்று சர் வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் ஏசியாட்டிக் சொசைட்டியில் பேசியது நம்ம கல்கத்தாவில்தான்!

தமிழில் 'பரவசம்' என்கிறோம். இதுவும் வடசொல்லே. 'பர' என்றால் பிற. தன்வசம் இழந்து பிறவசமாவது. நல்ல தமிழில் 'மெய்ம்மறத்தல்'. மெய் என்பது உடம்பு. வங்காளிகளோ 'ஆத்மஹாரா', தன்னைத் தொலைத்தவன், என்பார்கள். ஆக, 'நான்' விலகினால்தான் ஆனந்தம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

ஆனால் ஒன்று கவனிக்கணும். வங்காளியில் 'பரவச' என்றால் பிறருக்குக் கட்டுப்பட்டவன். பவானிபூரில் வளரும் நம் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் 'ஆத்மஹாரா' என்று சொல்லட்டும். வீட்டில் 'பரவசம்' என்று சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் 'சூப்பர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டு சொல்லுமே அவர்களுக்கு இல்லாமல் போய்விடும்.