தீவு வரைந்த பையன்கள்

இரவு பத்து மணி. மறுநாள் பையன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய ‘புராஜெக்ட்’டுக்காகத் தகப்பனார் தெர்மோகோல் அறுக்கிறார், தாயார் பசை தடவுகிறார், பாட்டி வர்ணக் காகிதம் கத்தரிக்கிறார். சம்பந்தப்பட்ட பையன் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறான்! இக்காட்சியைக் கண்ட பிறகு, ‘செய்து கற்பது’ என்ற பேச்சைக் கேட்டாலே நமக்கு ஆயாசம் உண்டாவதில் வியப்பில்லை. ஆயினும் அம்முறையை மொழிப் பாடத்திலேயே நடத்திக் காட்டிய உபாத்தியாயர் ஒருவர் இருந்தார்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள பெர்ஸ் பள்ளிக்கூடத்துக்கு 1911-ல் ஆங்கில ஆசிரியராக வந்த ஹென்றி கால்டுவெல் குக் என்பவரே அவர். (நம் கால்டுவெல் பாதிரியார் வேறு, இவர் வேறு.) அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக் இத்தகைய முறையைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை எழுதியது 1918-ல்தான். குக் அதற்கு முந்தியே காரியத்தில் இறங்கிவிட்டார்.

‘பசுவைப் பற்றி ஒரு வியாசம் எழுது’ என்று அவர் சொல்லவில்லை. ‘உனக்கென்று ஒரு தீவை உண்டாக்கு’ என்றார். பையன் முதலில் படம் வரைவான். துறைமுகம் எங்கே, மலை எங்கே, அங்கே வசிப்பவர்கள் யார் என்று தீர்மானிப்பான். தீர்மானித்ததை எழுதாமல் இருக்க முடியுமா? வர்ணனை வந்தது, கதை வந்தது, பாட்டும் வந்தது. எல்லாம் சேர்ந்து அவன் கையாலேயே ஒரு சிறு புத்தகமாயிற்று. தன் தீவைப் பிறர் கண்முன் நிறுத்தவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், சரியான சொல்லைத் தேடும்படி பையனுக்கு யாரும் பிரம்பு காட்டவேண்டியதில்லை.

ஷேக்ஸ்பியரையோ, அருஞ்சொற்பொருளில் தொடங்காமல் மேடையில் தொடங்கினார்கள். அதற்கென்றே திரையும் உடுப்புகளுமாக ஓர் அறை இருந்தது. மாணாக்கர் தாமே விஷயம் தேர்ந்து வகுப்பில் பிரசங்கமும் செய்தார்கள். பிற்காலத்தில் திரைப்பட டைரக்டராகப் பெயர் பெற்ற ஹம்ப்ரி ஜென்னிங்ஸ் இப்பள்ளியில் படித்தவர்தான்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பையன்கள் எழுதிய செய்யுட்கள் சிலவற்றில் பழைய நாடோடிப் பாட்டுக்களின் வாடை சற்றுத் தூக்கலாகவே வீசும். பக்கத்து வகுப்புக்காரர்கள் சத்தத்தை எப்படிச் சகித்தார்களோ! தலைமையாசிரியராகக் கல்கத்தாவில் பிறந்த ரௌஸ் துரை வாய்த்தது குக்கின் பாக்கியம். லத்தீனையும் கிரேக்கத்தையும் வகுப்பில் பேசியே கற்பித்தவர் அவர். புதுமைக்கு அஞ்சுகிறவர் அல்லர். ரௌஸ் 1928-ல் ஓய்வு பெற்றார். அத்தகைய தலைவர் இல்லாத இடத்தில் ஒற்றை உபாத்தியாயர் என்ன செய்துவிட முடியும்? பரீட்சைத் தேதி வந்து நின்றால் தீவுகளெல்லாம் கடலில் மூழ்க வேண்டியதுதான்.

முதல் உலக யுத்தத்தின் நடுவே, 1917-ல், குக்கின் ‘தி ப்ளே வே’ என்ற புத்தகம் வெளிவந்தது. முழுப் பள்ளிக்கூடம் ஒன்றையே இவ்விதம் அமைக்கவேண்டும் என்ற தமது கனவையும் அதில் விவரித்திருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தை அவர் கட்டவே இல்லை.