ஏட்டுக் கணக்கும் கடைக் கணக்கும்

வரவு செலவு எழுதக் கற்றவரெல்லாம் வணிகராகிவிடுவதில்லை. ஏட்டில் நட்டம் என்பது ஓர் எண். கடையில் அது கைப்பொருள். இவ்வேறுபாட்டை மாணவர் உணர்வதற்கெனவே வணிகக் கல்லூரிகள் வகுப்பறைக்குத் துணையாகத் தனி நிலையங்களை அமைக்கின்றன.

அமெரிக்காவில், பாஸ்டன் நகரை அடுத்த வெல்லெஸ்லியில், ரோஜர் பாப்சன் என்பார் 1919-இல் நிறுவிய பாப்சன் கல்லூரி இதற்குத் தக்க சான்றாகும். தொழில்முனைவு, பெண்டிரின் தொழில் தலைமை, வேலை வழிகாட்டல் ஆகியவற்றுக்கு அங்குத் தனித்தனி நிலையங்கள் உண்டு. தொழில்முனைவு நிலையம் ஆர்தர் பிளாங்க் என்பவர் பெயரால் வழங்குகிறது. 1963-இல் அங்குப் பட்டம் பெற்ற அவர், 1978-இல் ஹோம் டிப்போ நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவர்.

அக்கல்லூரியின் புகழ்பெற்ற முதலாண்டுப் பாடமொன்றில், மாணவர்கள் குழுவாகக் கூடி, கல்லூரி தந்த கடனைக் கொண்டு உண்மையாகவே வணிகம் நடத்தினர். கடனை அடைத்தபின் எஞ்சிய ஊதியத்தை அறப்பணிக்கு ஈந்தனர். விலையைத் தவறாகக் குறித்தாலும், தேவைக்கு மேல் சரக்கு வாங்கினாலும் அங்கு நேரும் இழப்பு சிறிது. அதே பிழை பிற்காலத்தில் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடும்.

ஆதலின் ஆசிரியர்களே, தொழிலுக்கு வழிகாட்டுவதை இறுதியாண்டுக்கு ஒத்திவைத்தல் தகாது. அதுவும் முதல் நாள் தொட்டே பாடத்தின் பகுதியாதல் வேண்டும்.