தட்டிப் பார்க்கும் ஊர்

திருமுருகன்பூண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் காதில் விழுவது உளிச் சத்தம்தான். சாலையோரச் சிற்பக் கூடங்களில் பாதி முடிந்த பிள்ளையார்களும் நந்திகளும் கல்தூசியில் வெளுத்துக் கிடக்கும். சிற்பி கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார். கணீரென்றால் சரி, சத்தம் அமுங்கினால் உள்ளே கீறல். வேலை முடியும் நாளில் மூக்கு நுனி தெறித்துவிட்டாலும் அது பின்னமான சிலை, பூசைக்கு ஆகாது.

வார்ப்பிரும்பு ஒட்டுகிற வெல்டரும் இப்படித்தான் தட்டிப் பார்ப்பார். நல்ல காஸ்டிங் மணி மாதிரி பேசும். விரிசல் விட்டது ஓட்டைப் பானை மாதிரி. ஒரே வித்தியாசம், இவரைத் தேடி வருவதெல்லாம் பின்னமானவைதான்.

பக்கத்தில் இருக்கும் திருப்பூர், பனியனுக்குப் பேர் வாங்கும் முன்பே பஞ்சுக்குப் பேர் வாங்கிய ஊர். அன்றைய ஜின்னிங் ஆலைகளில் ஒரு ஆயில் என்ஜின் ஓடும்; கூரைக்குக் கீழே நீளமான தண்டு சுழலும்; அதிலிருந்து பெல்ட் இறங்கி ஒவ்வொரு மெஷினாக ஓட்டும். என்ஜின் உடம்பு, சக்கரம், மெஷின் கால் எல்லாம் வார்ப்பிரும்பு. அது எவ்வளவு பாரத்தையும் தாங்கும், ஒரு அடியைத் தாங்காது. பல்சக்கரத்தில் ஒரு பல் தெறித்தால் ஆலை நின்றுபோகும். புதிதாக வார்க்க மரத்தில் பேட்டர்ன் செய்து, மணலில் அச்செடுத்து, உருக்கி ஊற்றி, லேத்தில் கடைய வேண்டும். அதுவரை பஞ்சு காத்திருக்காது. அதனால் உடைந்ததை ஒட்டினார்கள். ஒட்டத் தெரியாத இடத்தில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். பழைய தறிகளில் அந்தப் பட்டைக் கட்டு இன்றும் கண்ணில் படும்.

அன்றைய ஒட்டு வேலை பாதி சமையல். செங்கல் அடுக்கி அடுப்புக் கட்டி, கரி போட்டு, காஸ்டிங்கை முழுதாக உள்ளே வைத்து மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சுவார்கள். ஐந்நூறு, அறுநூறு டிகிரி இருக்கும், அளந்தது கண்தான். பக்கத்தில் கார்பைடு டிரம். கார்பைடில் தண்ணீர் பட்டதும் அசிட்டிலின் கிளம்பும், பூண்டு நாற்றத்தோடு. மிஞ்சுகிற வெள்ளைச் சேறு சுண்ணாம்புதான். அதையும் வீணாக்காமல் சுவருக்கு அடித்தவர்கள் உண்டு. வார்ப்பிரும்புக் கம்பியை உருக்கி விரிசலை நிரப்பியதும், அதே சூட்டோடு சாம்பலுக்குள் புதைத்துவிடுவார்கள். மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது.

இந்தக் காத்திருப்புக்குக் காரணம் கார்பன். வார்ப்பிரும்பில் அது நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு இருக்கும். மெதுவாக ஆறினால் கிராஃபைட் செதிலாகப் பிரிந்து நிற்கும். சட்டென்று ஆறினால் பிரிய நேரமில்லாமல் இரும்போடு பிணைந்து, கண்ணாடிபோல இறுகிவிடும். துளை போட்டால் டிரில் வழுக்கும். அதுமட்டுமா? ஒட்டிய இடம் ஆறும்போது சுருங்கி இழுக்கும்; சாதா இரும்பு கொஞ்சம் நீண்டு கொடுக்கும், வார்ப்பிரும்பு கொடுக்காது. ‘டிக்’ என்று ஒரு சத்தம், ஒட்டின் ஓரத்திலேயே புது விரிசல்.

வார்ப்பிரும்பு உடைந்தால் உடைந்ததுதான் என்று நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது அங்கே முடங்கியிருந்த ஜெர்மன் கப்பல்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை அவற்றின் ஊழியர்களே அடித்து நொறுக்கி வைத்திருந்தார்கள். அமெரிக்கக் கடற்படை கரண்ட் வெல்டிங்கில் அவற்றை ஒட்டி, சில மாதங்களில் அதே கப்பல்களில் தன் படையை ஏற்றி அனுப்பியது.

இன்று கார்பைடு டிரம் போய் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது. கரி அடுப்பும் அபூர்வம். அந்த இடத்தில் நிக்கல் ராடு. விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு, அது மேலே ஓடாமல் நிறுத்துவார்கள். கிரைண்டரால் பள்ளம் வெட்டுவார்கள். ஒரு அங்குலம் ஒட்டு. சூடு இருக்கும்போதே சுத்தியலால் மெல்லத் தட்டு. கை வைக்கிற பதத்துக்கு ஆறியதும் அடுத்த அங்குலம், வேறொரு மூலையில். நிக்கல் மென்மையானது, இழுவைக்கு வளைந்து கொடுக்கும். விலைதான் கொடுக்காது. மோட்டார் கால் உடைந்தால் இது போதும். சூடும் குளிருமாக மாறி மாறி வாங்குகிற என்ஜின் ஹெட்டுக்கு நான் இன்னும் பழைய அடுப்பைத்தான் நம்புவேன்.

பனியன் கம்பெனிகள் இந்த வேலையிலிருந்து பெரும்பாலும் விலகிவிட்டன. நிட்டிங் மெஷினில் ஒரு பாகம் போனால் மெக்கானிக் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கூரியரில் புதுசு வருகிறது. ஷிப்மென்ட் தேதி தலைக்கு மேல் நிற்கும்போது சாம்பலில் ஒரு ராத்திரி என்பது கட்டுப்படியாகாத கணக்கு, தப்பில்லை. இளம் வெல்டர்களுக்கும் சாயப்பட்டறையின் எஸ்.எஸ். தொட்டி, பைப் என்று ஆர்கான் வெல்டிங் வேலை இருக்கிறது. வார்ப்பிரும்பு ஒட்டுத் தேடிப் போகிறவர் இப்போது பல்லடம், சோமனூர் பக்கத்துத் தறிக்காரரும் தோட்டத்து மோட்டார்க்காரரும்தான். மிதி தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் கால்கூட வரும், காபிக் கடைக்கு மேசையாக!

போன வருஷம் எங்கள் மோட்டாரின் கால் உடைந்தது. அவசரத்தில் கண்ணில் பட்ட பட்டறையில் கொடுத்தேன். சாதா ராடில் பத்து நிமிஷத்தில் ஒட்டி, தண்ணீரையும் ஊற்றிக் கொடுத்தார்கள். வீடு வருமுன் வண்டியிலேயே விட்டுப்போயிற்று. பிறகு திருமுருகன்பூண்டிப் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். தட்டிப் பார்த்தார்.

“தண்ணி ஊத்திப் போட்டாங்களாட்டம் இருக்குதுங்க. முதல்ல அவங்க ஒட்டினதைச் சொரண்டோணும். அதுக்குத்தான் கூலி ஜாஸ்தி.”

அவர் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். உடைந்த துண்டுகளை, நகக்கண் அளவு சில்லு உட்படப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன் பசை எதையும் பூசிப் பார்க்காதீர்கள். அது உள்ளே இறங்கினால் ஒட்டு பிடிக்காது. எண்ணெயில் ஊறிய பாகம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சுட்டு எண்ணெயை எடுக்க வேண்டும். சாயங்காலமே வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள்.