இன்பாக்ஸ் காலியா? ஃபார்மட் அடிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வக்கீல், ஆடிட்டர் அலுவலகங்களில் மெயிலைக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போய்விடவில்லை. நெட் இல்லாத நேரத்திலும் பழைய கடிதத்தைத் தேடி எடுக்கலாம் என்பதே காரணம். இதற்கு அவுட்லுக் வைத்திருப்பவர்கள் உண்டு. 2004 டிசம்பரில் 1.0 பதிப்பு கண்ட இலவச மென்பொருளான தண்டர்பேர்டு வைத்திருப்பவர்களும் உண்டு.

சிக்கல் பெரும்பாலும் கரண்ட் போகிற நாளில்தான் தொடங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கிறது, யுபிஎஸ் பேட்டரியும் கைவிடுகிறது, சிஸ்டம் படக்கென்று அணைகிறது. மறுபடி திறந்தால் இன்பாக்ஸில் ஒன்றுமே இல்லை! அல்லது ஜிஎஸ்டி நோட்டீஸைத் தட்டினால் பேங்க் ஸ்டேட்மென்ட் திறக்கிறது.

மெயில் எங்கும் போயிருக்காது. தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு ஃபோல்டரின் கடிதங்கள் அத்தனையையும் ஒரே கோப்பில் வரிசையாக எழுதிவைக்கிறது. எந்தக் கடிதம் எங்கே தொடங்குகிறது என்ற விவரம் மட்டும் எம்எஸ்எஃப் என்று முடியும் தனிக் கோப்பில் இருக்கும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இண்டெக்ஸ் புத்தகம் கிழிந்தால் பத்திரம் செல்லாமல் போய்விடுமா? அதே கதைதான். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுத்தால் இண்டெக்ஸ் புதிதாக எழுதப்படும்.

சில நேரம் ரிப்பேர்கூட வேண்டாம். வியூ மெனுவில் 'அன்ரெட்' ஃபோல்டர்களை மட்டும் காட்டும்படி யாரோ மாற்றியிருப்பார்கள். படித்து முடித்த ஃபோல்டரெல்லாம் மறைந்து நிற்கும். மெயில் சர்வரிலேயே தங்கும் ஐமேப் கணக்கென்றால், 'சப்ஸ்க்ரைப்' பட்டியலில் அந்த ஃபோல்டருக்கு டிக் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அழித்த மெயில் உடனே கோப்பைவிட்டுப் போவதில்லை. 'கம்பாக்ட்' செய்யும்வரை அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இப்படி ஊதிப்போன கோப்புதான் அடிக்கடி கெடுகிறது. பழைய அவுட்லுக்கிலும் இதே தொல்லை: 2002 பதிப்புவரை பிஎஸ்டி கோப்பு 2 ஜிபியைத் தொட்டதும் முரண்டு பிடிக்கும். கெட்டுப்போன பிஎஸ்டி கோப்பைச் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் தருவது ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி.

இன்னொரு வில்லன் ஆன்டிவைரஸ். வைரஸ் உள்ள ஒரே ஒரு கடிதம் வந்தாலும், கோப்பு ஒன்றுதானே என்று இன்பாக்ஸ் முழுவதையும் தூக்கித் தனியே அடைத்துவிடும். இன்பாக்ஸ் காணாமல் போனால் ஆன்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது ஒன்று உண்டு, சர்வீஸ் கடைக்காரரின் யோசனை: "ஃபார்மட் அடிச்சிடலாம் சார், ஃப்ரெஷ்ஷா இருக்கும்." ஐமேப் கணக்கென்றால் சர்வரில் நகல் இருக்கும், பிழைத்தோம். மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கில் சர்வரிலிருந்து அழித்துவிடும்படி வைத்திருந்தால், உலகத்திலேயே அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் அந்தக் கடிதங்கள் இருக்கும்.

இந்த விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள, கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தரும் விஜிளக் அமைப்பு விழுப்புரத்திலேயே இருக்கிறது. எப்படியிருந்தாலும், சிபியுவைக் கடைக்குத் தூக்குவதற்கு முன் தண்டர்பேர்டை மூடுங்கள். ரன் பெட்டியில் %ஆப்டேட்டா% என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் வரும் இடத்தில் தண்டர்பேர்டு என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாகப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, அப்புறம் கிளம்புங்கள்.