ரப்பர் தோட்டம் கோடீஸ்வரர் குன்று ஆனது எப்படி? கோலாலம்பூர் 'பங்சார்' சொல்லும் கதை

புதுக்கோட்டை:-

திருச்சியில் விமானம் ஏறினால் 4 மணி நேரத்தில் கோலாலம்பூர். அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம் பக்கம் எந்த டீக்கடையில் விசாரித்தாலும் மலேசியா போய் வந்தவர் ஒருவராவது கிடைப்பார். அவங்க பேச்சில் அடிபடும் பெயர்களில் ஒன்று பங்சார்.

மலேசிய தலைநகரின் மையத்தில் இருந்து சுமார் 4 கிலோமீட்டர்தான். மேடும் பள்ளமுமாக கிடக்கும் குன்றுப் பகுதி. அடர்ந்த மரங்களுக்கு நடுவே சரிவு சரிவாக பங்களாக்கள். உச்சிப் பகுதிக்குப் பெயர் புக்கிட் பண்டாராயா. புக்கிட் என்றால் மலாய் மொழியில் குன்று. கீழே தெலாவி தெருக்களில் ஓட்டல்கள், வாழை இலை சாப்பாட்டுக் கடைகள் என்று ராத்திரியிலும் கூட்டம் குறையாது.

இந்தக் குன்றில் ஒரு காலத்தில் இருந்தது ரப்பர் தோட்டம். அங்கு பால் மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

பெயர் வந்த விதம்

1906-ல் லண்டனில் தொடங்கிய கோலாலம்பூர் ரப்பர் கம்பெனிக்கு நகரைச் சுற்றி 5 தோட்டங்கள் இருந்தன. அதில் ஒன்று 'பங்சார் எஸ்டேட்'. புங்கே, கிரிசார் என்ற 2 ஐரோப்பிய முதலாளிகளின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கங்காணி ஊருக்கு வந்து ஆள் பிடிப்பார். திருச்சி, தஞ்சாவூர், சேலம் பகுதிகளோடு புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தும் போனார்கள். கண்மாயை நம்பிய ஊர், மழை பொய்த்தால் வேறு வழி? நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் இறங்கினார்கள். ராயவரம், கோனாபட்டு பக்கத்து நகரத்தார்களும் கப்பல் ஏறினார்கள். ஆனால் அவங்க போனது வட்டித் தொழிலுக்கு. கோலாலம்பூர் அம்பாங் தெருவில் கடை போட்டார்கள், தோட்டங்களும் வாங்கினார்கள். அது தனிக்கதை.

விடியும் முன் 'பெரட்டு'. ஆள் கணக்கு எடுத்ததும் கத்தியோடு மரத்துக்கு ஓட வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்று விடும். மழை பெய்தால் வேலை இல்லை. கூலியும் இல்லை.

குடியிருந்தது 'லயம்'. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். இதில்தான் சிக்கலே. வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை இருக்கும் வரை வீடு. வேலை போனால் அன்றைக்கே வீடும் போச்சு. 3 தலைமுறை உழைத்தாலும் பட்டா என்று ஒரு காகிதம் கிடையாது.

ஊர் வளர்ந்தது

இந்தியாவில் இருந்து தோட்டத்துக்கு ஆள் அனுப்புவது 1938-ல் நிறுத்தப்பட்டது. 1957-ல் மலாயாவுக்கு சுதந்திரம். தலைநகரம் வீங்க வீங்க, ரப்பரை விட மண்ணுக்கு மவுசு கூடியது. 1960-களின் கடைசியில் பங்சார் பார்க் வீடுகள் எழும்பின. பிறகு குன்றின் மேலேயும் ஏறியது. 1998-ல் ரயிலும் வந்ததும் கேட்க வேண்டுமா, மனை விலை சாமானியனுக்கு எட்டவில்லை.

தோட்டத்து ஆட்கள் எங்கே போனார்கள்? 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பெர்மிட் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் நாடு முழுவதும் தோட்டங்களை விட்டு, மூட்டை முடிச்சோடு தமிழ்நாட்டுக்கு கப்பல் ஏறினார்கள். அங்கேயே தங்கியவர்களில் குடியுரிமை கிடைக்காமல் 'சிவப்பு ஐ.சி.' அட்டையோடு காலம் தள்ளியவர்கள் பலர். தோட்டம் போனதும் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டவர்களும் உண்டு.

பங்சாருக்கு சில கிலோமீட்டர் தள்ளி இருந்த புக்கிட் கியாரா தோட்டத்தைக் கேட்டால் விஷயம் இன்னும் விளங்கும். 1980-களின் தொடக்கத்தில் அரசு அந்த நிலத்தை எடுத்தது. தொழிலாளர் குடும்பங்களை 'தற்காலிகம்' என்று சொல்லி நீள வீடுகளில் வைத்தார்கள். 30 ஆண்டு தாண்டியும் அவர்கள் நிரந்தர வீடு கேட்டுக் கொண்டிருந்தார்கள். அவர்கள் பால் எடுத்த நிலத்தில் கோல்ப் மைதானம் வந்து விட்டது.